மாட்டுத் தீவனத்தில் மருந்தும் மாற்றும்

புதுவையிலிருந்து மரக்காணத்துக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலாலும் அதைச் சூழ்ந்த கோயிற்காட்டாலும் பிரசித்தி பெற்ற கீழ்புத்துப்பட்டைத் தாண்டி வடக்கே போகப் போக, நிலம் தாழ்ந்து, சவுக்குத் தோப்புகள் விலகி, கழுவெளியின் உவர்நீர்ப் பரப்பும் அதற்கப்பால் மரக்காணத்து உப்பளங்களும் கண்ணுக்கெட்டிய தூரம் விரிகின்றன. மாடு வளர்ப்பதற்கென்று இயற்கை தனிச் சலுகை எதுவும் காட்டிய பிரதேசம் அன்று இது. பசும்புல் மழைக்காலத்தோடு முடிந்துவிடும். கழுவெளியில் நீர் வற்றியபின் முளைக்கும் புல்லும், அறுவடை முடிந்த கொல்லைகளின் தாளும், சாலையோரத்துச் செடிகொடிகளும் மேய்ச்சலாக, போரில் அடுக்கிய வைக்கோலே ஆண்டின் பெரும்பகுதிக்கு ஆதாரமாக, இங்கே மாடுகள் ஜீவனம் செய்துவருகின்றன. ஆயினும் இக்கரையில் கறவை மாடு இல்லாத தெரு ஒன்றைக் காண்பது அரிது.

மாலைக் கறவைக்கு முன் இந்தத் தெருக்களில் நடப்பதைச் சற்று அருகில் நின்று பார்த்தால், தீவன சாஸ்திரத்தின் பாதி விஷயம் விளங்கிவிடும். காலையிலேயே ஊறப்போட்ட கடலைப் பிண்ணாக்கு தொட்டியின் அடியில் கட்டிகட்டியாகக் கிடக்கும். வீட்டுப் பெண்மணி முழங்கை வரை கையை விட்டு அதைப் பிசைந்து கரைத்து, அரிசி கழுவிய நீரை ஊற்றி, தவிட்டைத் தூவிக் கலக்கி, கடைசியில் பக்கத்துப் பானையிலிருந்து ஒரு பிடி கல்லுப்பை அள்ளிப் போடுவார். உப்பு எதற்கென்று கேட்டால், "அது இல்லன்னா தொட்டியில மூஞ்சியே வெக்காதுங்க" என்ற பதில் தயக்கமின்றி வரும். தீவனமாக அன்றி, தீவனத்தோடு சிறிதளவு சேர்த்து அதன் பலனை மிகுவிப்பதற்காக இடுகிற பொருள்களைத் தீவனச் சேர்மானம் என்று சொல்வதானால், உலகில் மனிதன் கண்டறிந்த முதற்சேர்மானம் இந்த உப்பாகத்தான் இருக்கவேண்டும்.

இன்று அந்த உப்புப் பானைக்குப் பக்கத்தில் வேறு பல டப்பாக்களும் பாட்டில்களும் வந்து அமர்ந்துவிட்டன. ஈஸ்ட் என்றும், நன்மை செய்யும் கிருமி என்றும், மூலிகைச் சாறு என்றும், கடற்பாசித் தூள் என்றும் விற்கப்படுகிற இச்சரக்குகள், "ஆண்டிபயாட்டிக் இல்லாத மாற்று" என்னும் விளம்பரத்தோடு கிராமத்துக் கடை வரை வந்துவிட்டபடியால், எதற்கு மாற்று, எந்த அவசியத்தால் மாற்று, அது உண்மையில் வேலை செய்கிறதா என்னும் மூன்று கேள்விகளையும் சாமான்ய வாசகரும் கேட்டுத் தெரிந்துகொள்வது நலம். அதற்கு முதலில் நாம் இக்கரையை விட்டுச் சிறிது தூரம் போயாக வேண்டும்.

அமெரிக்காவின் டெக்ஸாஸ், கன்சாஸ், நெப்ராஸ்கா முதலிய மாநிலங்களிலும், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து போன்ற பகுதிகளிலும், இறைச்சிக்கென வளர்க்கப்படும் மாடுகளைப் புல்வெளியிலிருந்து கொண்டுவந்து, ஆயிரக்கணக்கில், சில இடங்களில் பதினாயிரக்கணக்கில், திறந்த பட்டிகளில் அடைத்து, நாலைந்து மாதங்களுக்கு மக்காச்சோளமும் பார்லியும் கோதுமையும் ஊட்டிக் கொழுக்க வைக்கிறார்கள். அவற்றின் உணவில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் தானியமும் அடர்தீவனமுமே. நார்த்தீவனம் பெயரளவில் இருக்கும். நம் நாட்டில் இத்தகைய கொழுப்புப் பட்டிகள் இல்லை. ஆனால் அந்தப் பட்டிகளுக்கென்று உருவான சேர்மானங்களும் அவற்றுக்கு மாற்றாக எழுந்த சரக்குகளும் கறவை மாட்டுக் கொட்டிலுக்கும், பரண்மேல் வளர்க்கும் ஆட்டுக் கிடாக்களுக்கும், கோழிப் பண்ணைக்கும் பெயரை மாற்றிக்கொண்டு வந்து சேர்கின்றனவாதலால், அவற்றின் பூர்வ வரலாறு நமக்கு அந்நியமானது அன்று.

அந்த வரலாற்றின் வாயிலில் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவர் நிற்கிறார் என்பது நம்மவர் பலரும் அறியாத செய்தி. பீமவரத்தில் 1895-ஆம் ஆண்டு பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்ததனால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் மறுக்கப்பட்டு, அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறி, அமெரிக்கா சென்று ஹார்வர்டில் உழைத்து, பின்னர் லெடர்லே நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவரானார். அவர் தலைமையின்கீழ் பணியாற்றிய பெஞ்சமின் டக்கர் என்னும் தாவர விஞ்ஞானி, மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து ஆரியோமைசின் என்னும் மருந்தைக் கண்டெடுத்தார். அம்மருந்து உலகுக்கு அறிவிக்கப்பட்ட 1948-ஆம் ஆண்டிலேயே சுப்பாராவ் காலமானார். அதே நிறுவனத்தில் தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டோக்ஸ்டாடும் கோழிக்குஞ்சுகளின் வளர்ச்சிக்கு வேண்டிய பி-12 வைட்டமினைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மருந்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய சக்கையைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, வைட்டமினால் மாத்திரம் விளக்க முடியாத வேகத்தில் அவை வளர்ந்தன. சக்கையில் ஒட்டிக்கொண்டிருந்த மருந்தின் சொற்ப அம்சமே காரணம் என்பது 1950 வாக்கில் நிலைநாட்டப்பட்டது. நோயைத் தீர்க்க வந்த மருந்து, நோயில்லாத பிராணியைப் பருக்க வைக்கும் சரக்காக மாறியது அன்றுமுதல்தான்.

மாட்டின் விஷயத்தில் இது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிய, அதன் பெருவயிற்றுக்குள் நடப்பதை அறியவேண்டும். வளர்ந்த பசுவின் பெருவயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளக்கூடிய ஓர் ஊறல் பாத்திரம். இரவில் கரைத்து வைத்த இட்லி மாவு விடியற்காலையில் பொங்கிப் புளித்து நிற்பதற்குக் காரணமான நுண்ணுயிர்களைப் போன்ற, ஆனால் காற்றில்லாத சூழலில் மாத்திரம் வாழ்கிற, கோடானுகோடி ஜீவராசிகள் அதில் குடியிருக்கின்றன. வைக்கோலையும் புல்லையும் செரிக்கிற சக்தி மாட்டுக்கு இல்லை. அதைச் செய்பவை இந்த நுண்ணுயிர்கள். அவை நாரையும் மாவையும் சிதைத்து அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்ரிக் என்னும் அமிலங்களை உண்டாக்க, அந்த அமிலங்களே மாட்டின் ரத்தத்தில் கலந்து அதற்குப் பலமாகின்றன. இந்த வேலையில் உபரியாகும் ஹைட்ரஜனை வேறொரு கூட்டத்து நுண்ணுயிர்கள் எடுத்து மீத்தேன் வாயுவாக்க, மாடு அதை ஏப்பமாக வெளியே விடுகிறது. தின்ற உணவின் சக்தியில் நூற்றுக்கு 2 முதல் 12 பங்கு வரை இவ்வாறு காற்றில் போய்விடுகிறது. தானியம் தின்னும் மாட்டில் குறைவாகவும், வைக்கோல் தின்னும் மாட்டில் கூடுதலாகவும் இந்த நஷ்டம் நேர்கிறது.

மொனென்சின் என்னும் சரக்கு, கோழிகளின் ரத்தக்கழிச்சலைத் தடுப்பதற்காக வந்து, 1970-களின் நடுவில் அமெரிக்கப் பட்டி மாடுகளுக்கு அனுமதிக்கப்பட்டது. அது செய்யும் வேலை நுட்பமானது. நுண்ணுயிரின் மெல்லிய உறைக்குள் நுழைந்து, சோடியம் அயனிகளை உள்ளே கடத்திக்கொண்டே இருக்கும். அந்தச் சோடியத்தை வெளியேற்றி வெளியேற்றியே ஒருவகை நுண்ணுயிர்கள் சக்தி இழந்து ஒடுங்கிவிடும். ஒடுங்குபவை பெரும்பாலும் அசிட்டிக் அமிலத்தையும் ஹைட்ரஜனையும் உண்டாக்குபவை. தப்பிப் பிழைப்பவை புரோப்பியோனிக் அமிலத்தை மிகுதியாக ஆக்குபவை. ஆகவே மீத்தேன் சிறிது குறைந்து, அதே எடைக்கு வேண்டிய தீவனம் சுமார் 6 சதவிகிதம் குறைகிறது. ஒரு மாட்டுக்கு இது அற்பமாகத் தோன்றலாம். ஐம்பதினாயிரம் மாடுகளுக்குத் தானியம் வாங்குகிறவனுக்கு இது பெரும் லாபம். இதே சரக்கு குதிரையின் தீவனத்தில் தவறிக் கலந்துவிட்டால், மிகச் சிறிய அளவிலேயே அதன் இருதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும் என்பதையும் சேர்த்து அறிந்துகொள்ள வேண்டும்.

மற்றொரு சரக்கான டைலோசின், ஈரலில் கட்டும் சீழ்க்கட்டிகளைத் தடுக்க இடப்படுகிறது. ஈரலில் சீழ் ஏன் கட்டுகிறது? தானியத்தின் மாவு பெருவயிற்றில் வெகுவேகமாகப் புளித்து, அமிலம் மிகுந்து, உட்சுவரைப் புண்ணாக்க, அப்புண்ணின் வழியாகக் கிருமிகள் ரத்தத்தில் ஏறி ஈரலில் தங்கிவிடுகின்றன. கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இதை ஆராய்ந்த டி. ஜி. நாகராஜாவும் அவர் சகாக்களும், ஃபியூசோபாக்டீரியம் என்னும் கிருமியே இதில் பிரதானக் குற்றவாளி என்பதையும், பெருவயிற்றுப் புண்ணே அதற்கு வாசல் என்பதையும் விளக்கியிருக்கிறார்கள்.

என் அபிப்பிராயத்தில் இந்த முழு விவகாரத்தின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது. புல்லைத் தின்று, அசைபோட்டு, நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் உமிழ்நீர் சுரந்து, அந்த உமிழ்நீரிலுள்ள சோடா உப்பினால் தன் வயிற்று அமிலத்தைத் தானே சமன்செய்துகொள்ளும்படி அமைந்த பிராணிக்கு, அசைபோடவே அவசியமில்லாத மாவுணவைக் கொடுத்து, அதனால் வரும் கேட்டை மருந்தினால் மூடுகிறோம். நார் இருந்தால் அசை உண்டு. அசை இருந்தால் உமிழ்நீர் உண்டு. உமிழ்நீரின் சோடியமோ தொட்டியில் இடும் அந்த ஒரு பிடி உப்பிலிருந்தும் வருவது. ஆதலால் தீவன மருந்துக்கு மாற்று என்ன என்று கேட்பதற்கு முன், அந்த மருந்து எந்தத் தீவனத்தின் குறையை மறைத்துக்கொண்டிருக்கிறது என்று கேட்பதே நியாயம்.

மருந்தை விலக்கவேண்டிய நிர்ப்பந்தம் வந்தது மாட்டின் நலத்தை உத்தேசித்து அன்று. மனிதனின் நலத்தை உத்தேசித்து. சிறுசிறு அளவில், நாள்தோறும், மாதக்கணக்கில் மருந்தைத் தின்னும் பிராணியின் குடலில் அம்மருந்துக்கு அஞ்சாத கிருமிகளே மிஞ்சுகின்றன. அவை மலத்தாலும் இறைச்சியாலும் நீராலும் மனிதனை அடையும்போது, மருத்துவமனையில் அதே இனத்து மருந்து பயனற்றுப் போகிறது. சுவீடன் 1986-இலேயே வளர்ச்சிக்காக ஆண்டிபயாட்டிக் இடுவதை நிறுத்தியது. மனிதருக்குக் கடைசிப் புகலான வான்கோமைசினை ஒத்த அவோபார்சினை ஐரோப்பிய ஒன்றியம் 1997-இல் விலக்கியது. 2006 ஜனவரி 1 முதல், வளர்ச்சிக்கென்று இடப்படும் மொனென்சின் உட்பட எஞ்சியவற்றையும் விலக்கிற்று. அமெரிக்காவில் மனித வைத்தியத்துக்கு இன்றியமையாத மருந்துகளை வளர்ச்சிக்காக இடுவது 2017-இல் முடிவுக்கு வந்தது. மொனென்சின் மனிதர்க்கு உதவாத இனமாகையால் அங்கே இன்றும் நீடிக்கிறது. இந்தியாவிலும் 2019-ஆம் ஆண்டு, உணவுக்கான பிராணிகளுக்குக் கோலிஸ்டின் கொடுப்பதை மத்திய அரசு தடை செய்தது. வியாதியஸ்தரின் படுக்கையருகில் மருந்து தோற்கும் காட்சியை ஒருமுறை கண்டவர், ஆறு சதவிகிதத் தீவனச் சிக்கனத்துக்காக அதை விலைபேச ஒருபோதும் உடன்படமாட்டார்.

மாற்றுகளில் ஈஸ்ட்டும் நற்கிருமிகளும் முதலில் வருகின்றன. ரொட்டி பொங்குவதற்கு உதவும் அதே ஈஸ்ட், பெருவயிற்றில் சிறிதளவு எஞ்சியிருக்கும் பிராணவாயுவை உண்டு, காற்றைச் சகியாத நார்செரிக்கும் நுண்ணுயிர்களுக்கு உதவுகிறது. லாக்டிக் அமிலத்தைத் தின்னும் நுண்ணுயிர்களையும் ஊக்குவிக்கிறது. தானியம் மிகுந்த உணவில் இதற்கு ஓரளவு பயன் உண்டு; வைக்கோலே கதியான மாட்டில் பலன் இடத்துக்கு இடம் மாறுகிறது. கிராம்பு, இலவங்கப்பட்டை, ஓமம், பூண்டு முதலியவற்றின் சாரங்கள் சோதனைக் குழாயில் அற்புதமாக வேலை செய்கின்றன. ஆனால் குழாயில் ஒரு நாள் நடப்பது வயிற்றில் ஒரு மாதம் நடப்பதில்லை: சில வாரங்களில் பெருவயிற்றின் குடிமக்கள் அச்சாரத்துக்குப் பழகி, அதைச் சிதைத்துத் தின்னவும் கற்றுக்கொள்கின்றன. அதிக அளவில் போட்டாலோ, காரவாசனை பொறாமல் மாடு தொட்டியை விட்டு விலகிவிடும்.

துவர்ப்பின் கதை இவற்றினும் சுவையானது. நம் சமையலறைக்கும் நெருக்கமானது. புளி விற்பனைக்கு வருமுன் நீக்கப்படும் கொட்டையின் மேல்தோலில் டானின் என்னும் துவர்ப்புச் சத்து செறிந்திருக்கிறது. கொட்டையின் பருப்பை மாவாக்கிப் பசைக்கும் நெசவுக் கஞ்சிக்கும் அனுப்பியபின் எஞ்சும் அந்தத் தோலைப் பெங்களூரில் ஆடுகோடியிலுள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனத்தில் ராகவேந்திர பட்டாவும் அவர் குழுவினரும் பல்லாண்டுகள் ஆராய்ந்தார்கள். அளவான துவர்ப்பு, பிண்ணாக்கிலுள்ள புரதத்தோடு பிணைந்து, அது பெருவயிற்றில் வீணாகச் சிதையாமல் அடுத்த வயிற்றுக்குச் சென்று சேரும்படி செய்கிறது. மீத்தேன் ஆக்கும் கூட்டத்தையும் அடக்குகிறது. துவர்ப்புச் செடிகளைக் கொண்டு அந்நிறுவனம் ஆக்கிய 'ஹரித் தாரா' என்னும் சேர்மானம், மீத்தேனை 17 முதல் 20 சதவிகிதம் வரை குறைப்பதாக 2021-இல் அறிவிக்கப்பட்டது. வளர்ந்த மாட்டுக்கு நாளொன்றுக்கு 500 கிராம் என்பது அளவு; அப்போது சொல்லப்பட்ட விலையோ கிலோவுக்குச் சில ரூபாய். வெளிநாட்டு அற்புதங்களைவிட இந்தச் சாதுவான இருபது சதவிகிதத்தின்மீது எனக்கு நம்பிக்கை அதிகம். ஏனெனில் இது வைக்கோல் தின்னும் மாட்டை முன்வைத்து, இங்கே மலிவாகக் கிடைக்கும் கழிவைக்கொண்டு செய்யப்பட்டது. துவர்ப்பு மிஞ்சினால் மாடு தின்பது குறையும், செரிமானமும் கெடும் என்பதனால் அளவே இதில் பிராணன். மாட்டைவிட ஆடு துவர்ப்பைத் தாங்கும். கோயிற்காட்டின் ஓரத்தில் ஆடுகள் ஒரு புதரில் நாலு இலை கொறித்து, நின்று தின்னாமல் அடுத்த புதருக்கு நகர்ந்துகொண்டே இருப்பதைக் கவனித்தவர்களுக்கு, அந்த அளவை அவை எவ்வளவு இயல்பாகக் காக்கின்றன என்பது தெரியும்.

இனி, கடல் தரும் மாற்று. கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் ஜோ டார்கன் என்ற விவசாயி, புயல் ஒதுக்கிய கடற்பாசியைத் தின்ற தம் கரையோரத்துப் பசுக்கள் மற்றப் பசுக்களைவிடத் தேர்ச்சியாக இருப்பதைக் கவனித்தார். அதைச் சோதிக்க வந்த ராபர்ட் கின்லி என்னும் ஆராய்ச்சியாளர், கடற்பாசி மீத்தேனைக் குறைப்பதையும் கண்டு, பின்னர் ஆஸ்திரேலியா சென்று, அஸ்பராகாப்சிஸ் என்ற சிவப்புப் பாசியைச் சோதனைக் குழாயில் இட்டபோது மீத்தேன் ஏறக்குறைய முற்றிலும் நின்றுவிட்டது. அப்பாசியிலுள்ள புரோமோஃபார்ம் என்னும் பொருள், மீத்தேன் ஆகும் கடைசிப் படியிலுள்ள நொதியைத் தடுத்துவிடுகிறது. தானியப் பட்டியிலுள்ள காளைகளுக்குத் தீவனத்தில் 0.2 சதவிகிதம் சேர்த்தபோது மீத்தேன் 98 சதவிகிதம் வரை குறைந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது. ஆனால் ஆஸ்திரேலியாவிலேயே வாக்யூ இனத்து மாடுகளுக்கு ஏறக்குறைய முழுப் பட்டிக்காலமும் கொடுத்துப் பார்த்த பின்னைய சோதனையில் குறைவு 28 சதவிகிதத்தோடு நின்றது. அம்மாடுகள் தின்றதும் குறைந்தது, எடையும் சற்றுக் குறைந்தது. புரோமோஃபார்ம் தானே ஆரோக்கியத்துக்கு ஐயத்துக்குரிய வஸ்து. நாள்பட வைத்தால் பாசியிலிருந்து ஆவியாகி அதன் வீரியமும் குறைகிறது. பத்திரிகைத் தலைப்பில் வரும் 98-ஐ மாத்திரம் படித்துவிட்டு 28-ஐப் படியாமல் விடுவது எளிது. விற்பவர்களும் அதை எடுத்துக்காட்டுவதில்லை.

நம் கடற்கரையில் நடப்பது வேறுவகை முயற்சி. 1954-இல் ஜவாஹர்லால் நேருவால் பவநகரில் தொடங்கி வைக்கப்பட்ட மத்திய உப்பு மற்றும் கடல்சார் ரசாயன ஆராய்ச்சி நிறுவனம், உப்பளத் தொழிலை ஆராய்வதோடு கடற்பாசியையும் தன் ஆராய்ச்சிக்கு உரியதாக ஆக்கிக்கொண்டது. மன்னார் வளைகுடாவின் கரையில் மண்டபம் முகாமில் அதற்கு ஒரு நிலையம் உண்டு. ராமநாதபுரம் மாவட்டத்துப் பெண்கள் மூச்சடக்கி மூழ்கிப் பாசி பறித்து வந்த கரையில், மூங்கில் மிதவைகளில் கப்பாஃபைகஸ் பாசியை வளர்க்கும் தொழில் வேரூன்றியது அந்நிலையத்தின் உழைப்பால்தான். கப்பாஃபைகஸ், கிராசிலேரியா முதலிய பாசிகளைக் கொண்டு தீவனச் சேர்மானங்கள் ஆக்கப்பட்டு, கர்னாலிலுள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் கறவை முர்ரா எருமைகளுக்குக் கொடுத்துச் சோதிக்கப்பட்டபோது, பாலும் நோயெதிர்ப்புச் சக்தியும் மேம்பட்டதாகத் தெரிந்தது. ராமநாதபுரம் மாவட்டத்து வளமாவூரில் 2023-இல் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. மரக்காணத்து உப்பும் மண்டபத்துப் பாசியும் ஒரே நிறுவனத்தின் பார்வைக்குள் அடங்கியிருப்பது, இக்கரை மக்களுக்கு ஒரு நல்வாய்ப்பு. ஆயினும் பாசி என்ற ஒரே பெயரால் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடலாகாது: மீத்தேனை அடக்குவது அஸ்பராகாப்சிஸ், கப்பாஃபைகஸில் அந்த வீரியம் இல்லை. அது தருவது தாதுச் சத்தும் சில ஊக்கப் பொருள்களும்தான். கடற்பாசி அயோடினையும் பிற உலோகங்களையும் உறிஞ்சிச் சேர்த்து வைப்பதாதலால், பரிசோதனை அறிக்கை இல்லாத பாசித் தூளைத் தொட்டியில் கொட்டுவது விவேகம் ஆகாது.

இவ்வளவும் அறிந்துகொண்டு கீழ்புத்துப்பட்டுக்குத் திரும்பினால், பிரச்சினையின் முகம் தலைகீழாக இருப்பதைக் காண்கிறோம். அயல்நாட்டுப் பட்டிகளில் மாவு மிஞ்சி வயிறு புண்ணாகிறது. இங்கே வைக்கோல் மிஞ்சி உடல் இளைக்கிறது. நெல் வைக்கோலில் புரதம் நூற்றுக்கு 3 அல்லது 4 பங்குதான், மணற்சத்து மிகுதி, பாஸ்பரஸ் சொற்பம், உள்ள சுண்ணாம்பையும் அதிலிருக்கும் ஆக்சலேட் பிடித்துக்கொள்கிறது. அத்தகைய வயிற்றில் நுண்ணுயிர்களைக் கொல்லும் மருந்துக்கோ, அதற்கு மாற்றான விலையுயர்ந்த சாரத்துக்கோ என்ன வேலை? பட்டினி கிடக்கிற நுண்ணுயிர்களுக்கு முதலில் வேண்டியது தழைச்சத்து. 4 கிலோ யூரியாவைச் சுமார் 50 லிட்டர் நீரில் நன்றாகக் கரைத்து, 100 கிலோ வைக்கோலில் சீராகத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி, மூன்று வாரம் கழித்துத் திறந்து ஆறவிட்டுக் கொடுத்தால், வைக்கோலின் புரதம் ஏறக்குறைய இரட்டிப்பாகி, செரிமானமும் கூடுகிறது. ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு இதைக் கொடுக்கலாகாது. யூரியாக் கரைசலை மாடு நேரே குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. வேலியில் அகத்தியும், கிளிரிசிடியாவும், வேலிமசாலும் வைத்துக்கொண்டவர்களுக்கு இந்த அச்சமும் இல்லை.

உப்பைப்பற்றியும் இக்கரையில் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. பாத்தியிலிருந்து வாரிய கல்லுப்பில் மெக்னீசியமும் ஜிப்சமும் ஓரளவு கலந்திருப்பது மெய். அதனால் மாத்திரம் அது தாது உப்புக் கலவைக்கு ஈடாகிவிடாது. பாஸ்பரஸ், தாமிரம், துத்தநாகம் முதலிய எவையும் அதில் மாட்டுக்குப் போதும்படியாக இல்லை. கடலில் விளைந்ததாயினும் அயோடின்கூட அதில் தேறுவதில்லை. சினை பிடிக்காமல் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வரும் பசுக்களில் பலவற்றின் குறை இந்தத் தாதுக்களில்தான் இருக்கிறது. 1989-இல் நம் நாட்டின் முதல் கால்நடைப் பல்கலைக்கழகமாக எழுந்த தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், நம் மண்ணிலும் தீவனத்திலும் எது குறைவு என்று கண்டு அதற்கேற்பத் தாதுக் கலவையை ஆக்கித் தருவதும் இதனால்தான். மேலும் இக்கரையில் பல கிணறுகள் உவர்ந்துவிட்டன. லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் வரை கரைந்த உப்புள்ள நீரை மாடு பெரும்பாலும் தீங்கின்றிக் குடிக்கும். 7,000-ஐத் தாண்டினால் சினை மாட்டுக்கும் கறவை மாட்டுக்கும் ஆபத்து. உவர்நீரைக் குடிக்கும் மாட்டுக்குச் சோடியம் நீரிலேயே வந்துவிடுகிறபடியால், அத்தகைய வீட்டில் தொட்டியில் இடும் உப்பைக் குறைத்து, நல்ல தண்ணீர் எப்போதும் எட்டும்படி வைப்பதே எந்தப் பாட்டில் சரக்கையும்விட மேலான சேர்மானம்.

பிண்ணாக்கிலும் ஒரு கண் வேண்டும். கடற்காற்றின் ஈரத்தில் மூட்டையோடு தரையில் கிடக்கும் கடலைப் பிண்ணாக்கில் பச்சையும் மஞ்சளுமாகப் பூஞ்சை ஏறுவது இங்கே சகஜம். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் திடீரென மாண்டபோது, அவற்றுக்கு ஊட்டிய நிலக்கடலைப் பிண்ணாக்கிலிருந்த இப்பூஞ்சை நஞ்சே காரணம் என்று கண்டு, அஃப்ளடாக்சின் என்று அதற்குப் பெயரிட்டார்கள். பசு அதைத் தின்றால் உருமாறிப் பாலில் இறங்கும், காய்ச்சினாலும் போகாது. திண்டிவனம் வட்டாரம் நிலக்கடலைக்குப் பேர்போனது. புதுப் பிண்ணாக்கை வாங்கிப் பலகைமேல் அடுக்கி வைக்கும் வசதி அநேகமாக எல்லோருக்கும் உண்டு.

மூலிகை விஷயத்தில், தஞ்சையில் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி திரட்டிச் செம்மைப்படுத்திய முறைகளைத் தேசியப் பால்வள வாரியம் நாடெங்கும் பரப்பிவருகிறது. சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்து மடிநோய்க்குப் பூசுவது அவற்றுள் பெயர்பெற்றது. தீவனத்தில் மருந்து கலப்பதைக் குறைக்க வேண்டுமாயின் நோய்க்கு மருந்து செலுத்துவதையும் குறைக்கவேண்டுமாதலால், இம்முறைகள் நம் விஷயத்துக்குப் புறம்பானவை அல்ல. ஆனால் இவை நோய் கண்டபோது செய்யும் சிகிச்சை. அன்றாடம் தொட்டியில் கரைக்கும் சேர்மானம் அல்ல.

எந்தச் சரக்கை வாங்கினாலும் அதன் பலனை அளந்து பார்க்கும் உரிமை வளர்ப்பவருக்கு உண்டு. அதற்கு எடைப்பாலம் வேண்டியதில்லை, தையற்காரரின் நாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சின் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரையுள்ள நீளத்தால் மீண்டும் பெருக்கி, 300-ஆல் வகுத்தால் எடை பவுண்டில் கிடைக்கும், 2.2-ஆல் வகுத்தால் கிலோ. 60 அங்குலச் சுற்றும் 50 அங்குல நீளமும் உள்ள மாடு 600 பவுண்டு, அதாவது சுமார் 272 கிலோ. ஒத்த வயதும் ஒத்த எடையும் உள்ள கன்றுகளை, ஒன்றிரண்டோடு நில்லாமல் அக்கம்பக்கத்து வீடுகளையும் சேர்த்துக்கொண்டு, இரு பிரிவாக்கி, ஒரே தீவனத்தைக் கொடுத்து, ஒரு பிரிவுக்கு மாத்திரம் புதுச் சரக்கைச் சேர்த்து, மூன்று மாதம் மாதந்தோறும் அளந்து எழுதிவர வேண்டும். கறவை மாடானால் நாடாவுக்குப் பதில் பால் அளவுக் குவளையும், பால் சங்கத்தில் எழுதித் தரும் கொழுப்புக் கணக்கும் போதும். நாடாவால் அளப்பதை விடியற்காலையில், தண்ணீர் காட்டுமுன், ஒருவர் கையாலேயே செய்யவேண்டும். ஏனெனில் தாகத்தோடு நிற்கும் மாடு ஒரே மூச்சில் இருபது லிட்டருக்கு மேல் குடித்துவிடும், அந்த நீரும் சரக்கின் கணக்கில் ஏறிவிடக்கூடும்.